ஒலிப்பித்தின் தோற்றமும் வளர்ச்சியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் இரு வகையினர். பாட்டைக் கேட்பவர்கள் ஒரு வகை. பாட்டைப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கேட்பவர்கள் மறுவகை. முதல் வகையினர் ஏராளம், சௌக்கியமாகவும் இருக்கிறார்கள், ஆகவே ஆய்வுக்கு உதவமாட்டார்கள். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது இரண்டாம் வகை. அறுபது வயதில் ஸ்பீக்கர் வயரை மாற்றிவிட்டு, "இப்போ பேஸ் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, கவனிச்சியா?" என்று மனைவியைக் கேட்பவர்கள் இவர்கள். இசையார்வம் முற்றித்தான் ஆள் இப்படி ஆகிறார் என்பது ஊர் நம்பிக்கை. அது பிழை. இந்தப் பித்துக்குப் பாட்டு காரணமே அல்ல. சிறுவயதில் விதிக்கப்பட்ட தடைதான் காரணம்.

சான்றுக்கு 1970, 80களின் தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அரசே தடையில் முன்மாதிரியாக இருந்த காலம் அது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், பையனின் கைக்கு எட்டாத அலமாரியில், பூவேலை செய்த உறைக்குள் இருக்கும். இயக்கும் அதிகாரம் அப்பாவுக்கு மட்டும். பையனுக்குக் கிடைத்த ஒரே பதவி, பேட்டரியை மிச்சப்படுத்த கேசட்டைப் பென்சிலால் சுற்றிக் கொடுப்பது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட்டின் பல்சக்கரத்தில், அறுகோணப் பென்சில் அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்காரும்.

அப்பா அம்மா வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும் நாளில் தடை தளர்கிறது. உறை நீங்குகிறது, சிறு ஸ்க்ரூடிரைவர் ஒன்று மேசை இழுப்பறையிலிருந்து வெளிப்படுகிறது. டேப் ஹெட்டின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. ஹெட்டிலுள்ள நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் ஜால்ரா, சலங்கை எல்லாம் மங்கிப்போகும். நாடாவின் அகலமே 3.81 மில்லிமீட்டர்தான், ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பையன் திருகைக் கால் சுற்று திருப்புகிறான். பாடகர் போர்வைக்குள் போகிறார். எதிர்ப்பக்கம் திருப்பினால் வெளியே வருகிறார். பாடகரைப் போர்வைக்குள் அனுப்பும் வல்லமை கைவந்த ஒருவன், அதன்பிறகு பாட்டின் பொருளில் மனம் செலுத்துவான் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

நோய் முற்றுவதற்கு ஸ்டீரியோ உதவியது. தமிழில் முதல் ஸ்டீரியோ பாடல்பதிவாகச் சொல்லப்படுவது 'பிரியா' (1978). பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருப்பினால் சில வாத்தியங்கள் காணாமல் போகும் என்ற கண்டுபிடிப்பு, ஒரு தலைமுறையின் காதுகளை நிரந்தரமாகக் கெடுத்தது. அதற்குப் பின் இவர்கள் எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை. இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதியாகத்தான் கேட்டார்கள்.

அடுத்து, ஆய்வாளர்கள் காட்ட வேண்டிய மரியாதையைக் காட்டாத ஒரு கருவி: பானை.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் தகர டப்பா போல் கத்தும். அதன் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணம் பின்னால் இழுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை சிறிய ஸ்பீக்கரைச் சுற்றி வளைந்து வந்து முன்புற அலையோடு மோதி அதை அழித்துவிடும். பின்பக்கத்தை அடைத்தால் பேஸ் பிழைக்கும். இதைப் படிக்காமலேயே டீக்கடைக்காரர்களும் பள்ளிக்கூடப் பையன்களும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தார்கள். பானைக்கு எதிரெதிரான தட்டைச் சுவர்கள் இல்லாததால், உள்ளே ஒலி முட்டி மோதித் தேங்குவதும் குறைவு. கலங்களுக்குள் அடைபட்ட காற்று எப்படி அதிரும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவைத்தார். பானைக்கென்று ஒரு சுருதி உண்டென்பதும், அந்தச் சுருதி வரும்போதெல்லாம் தவிலும் தபலாவும் ஒரே மாதிரி 'கும்' என்று ஒலிக்கும் என்பதும் அதனால் விளங்கும். பையன் அந்த 'கும்'மைக் குறையாக நினைக்கவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. கடம் செய்யப் பேர்போன மானாமதுரைக்கு இந்த வகையில் சேர வேண்டிய புகழ் இன்னும் போய்ச் சேரவில்லை.

பானையிலிருந்து ரிச்சி தெரு ஒரு எட்டுதான். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்தில், சான்யோவின் LA4440 சில்லு பொருத்திய ஆம்ப்ளிஃபையர் போர்டும் 12-0-12 டிரான்ஸ்பார்மரும் வாங்கி, ஈயம் பற்றவைத்து, ஆன் செய்தால் முதலில் வருவது பாட்டல்ல. 'உர்ர்' என்ற ஹம்மிங். பெரிய கண்டென்சர் போட்டால் குறையும், பூமி இணைப்பை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால் இன்னும் குறையும். முழுதாகப் போகாது. அதைத் துரத்துவதில்தான் மீதி ஆயுள் கழிகிறது. அந்தச் சில்லு இரண்டு பக்கமும் சேர்த்து நேர்மையாகத் தருவது பன்னிரண்டு வாட் அளவில். அதே காலத்தில் கடைப் பெட்டிகளின் அட்டையில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரம் வாட் அச்சாகியிருந்தது. அந்த எண்ணுக்கும் இயற்பியலுக்கும் உறவில்லை என்பதை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் பலர், சோல்டரிங் அயர்னைப் பிடித்தவர்கள் பார்த்த உடனே தெரிந்துகொண்டார்கள்.

இப்படி வளர்ந்தவருக்கு ஐம்பது வயதுக்குமேல் கையில் பணம் சேர்கிறது. உண்மையிலேயே நல்ல ஸ்பீக்கர்கள் வீட்டுக்கு வருகின்றன. 20,000 ஹெர்ட்ஸ் வரை துல்லியம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் மனிதக் காது உச்ச ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். அந்த வயதில் 15,000 ஹெர்ட்ஸே பெரும்பாலோருக்கு எட்டாது. ஆக, கேட்க முடிந்த வயதில் பானை, வாங்க முடிந்த வயதில் பாதிக் காது என்று இத்துறையின் பொருளாதாரம் அமைந்திருக்கிறது. தற்போது நடைமுறையில் உள்ள தீர்வு, புதுக் கருவி வந்ததும் பேரனைச் சோபாவில் உட்காரவைத்து, "மேல உள்ள சத்தம் வருதாடா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. கூலி ஒரு ஐஸ்கிரீம். குமிழ்களில் மட்டும் அவன் கைவைக்கக் கூடாது.