நடுமாடியில் ஒரு தரகர்

கே: எங்கள் மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு, மேலே போய் அணைக்கிறோம். இப்போது இன்னொரு மாடி எழுப்பிவிட்டோம். நடுவிலும் ஒரு டூ-வே சுவிட்ச் போட்டால் போதாதா?
- ஒரு வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு

ப: போதாது. டூ-வே சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள். மூன்று திருகு இருக்கும். ஒன்று பொது, மற்ற இரண்டில் எந்தப் பக்கம் சாய்வது என்பதே அதன் கவலை. கீழ்ச் சுவிட்சின் பொதுத் திருகுக்கு பேஸ் வரும்; மேலே உள்ளதன் பொதுத் திருகிலிருந்து பல்புக்குப் போகும். இடையில் ஓடுவது இரண்டு ஒயர். இருவரும் ஒரே ஒயரைப் பிடித்தால் வெளிச்சம், ஆளுக்கொன்றைப் பிடித்தால் இருட்டு. கூட்டுக்குடும்பத் தத்துவம்தான்!

நடுமாடிக்கு வேண்டியது நான்கு திருகுள்ள இன்டர்மீடியட் சுவிட்ச். அது கல்யாணத் தரகர் மாதிரி. இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் நேராகவும் அனுப்பும், மாற்றியும் அனுப்பும். கமிஷன் மட்டும் கேட்காது. பத்து இடத்தில் சுவிட்ச் வேண்டுமா? இரண்டு முனையிலும் டூ-வே, நடுவில் எட்டும் இன்டர்மீடியட்.

ஒயரை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது நியூட்ரலைச் சுவிட்சுக்குள் நுழைத்தால் விடாதீர்கள். விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் உங்களுக்காகக் காத்திருக்கும். நியூட்ரல் நேராகப் பல்புக்கே போகட்டும். வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். மெயினை அணைப்பதே முதல் வேலை.

1905-லேயே சிவனசமுத்திரத்து மின்சாரத்தில் தெருவிளக்கு எரித்த ஊர் உங்களுடையது. அங்கே போய்ப் படிக்கட்டில் தடுக்கி விழலாமா?