குறிஞ்சி வாகனமும் மருத நிலமும்: லண்டனில் எண்டூரோ சைக்கிள் தெரிவு குறித்து ஓர் ஆராய்ச்சி

நிலத்துக்கு ஒரு தெய்வம், நிலத்துக்கு ஒரு பறை, நிலத்துக்கு ஓர் உணவு என்று வகுத்துவைத்த நம் இலக்கணிகள் நிலத்துக்கு ஒரு சைக்கிளை வகுக்காமல் போனது பெருங்குறை. அதை நீக்கவே இந்த ஆராய்ச்சி. நூற்பா இன்னும் இயற்றப்படவில்லை. அவசரம் கருதி உரை முந்திக்கொள்கிறது.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் லண்டன்: ஆறு, வண்டல், களிமண், சமவெளி. ஐயமே இல்லாத மருதம். பெருநகர எல்லைக்குள் மிக உயர்ந்த இயற்கை மேடு வெஸ்டர்ஹாம் ஹைட்ஸ், 245 மீட்டர். அதுவும் தென்கிழக்கு மூலையில், கென்ட் எல்லையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. லண்டன்காரர் பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். பொழுதைப் பொறுத்தவரை இங்கே காரும் கூதிரும்தான் நிலையானவை. மற்ற நான்கையும் வானிலை அறிவிப்பில் காணலாம்.

கருப்பொருள் எண்டூரோ சைக்கிள். முன்சக்கரத்துக்கு ஒரு சஸ்பென்ஷன், பின்சக்கரத்துக்கு ஒன்று. சக்கரம் மேலெழுந்து அதிர்ச்சியை விழுங்கும் தூரம், அதாவது டிராவல், 160 முதல் 180 மில்லிமீட்டர். எடை 15 கிலோவை ஒட்டி. விலை 3,000 பவுண்டுவாக்கில் தொடங்கி 9,000-ஐயும் கூச்சமில்லாமல் தாண்டும். பாறையும் வேரும் கிடக்கும் மலைச்சரிவில், பார்ப்பவர் விழுகிறான் என்று நினைக்கும் வேகத்தில் விழாமல் இறங்குவதே இதன் பிறவிப் பயன். எண்டூரோ பந்தயத்துக்கு 2013-இல் ஓர் உலகத் தொடர் பிறந்தது. முதல் சுற்று இத்தாலியின் புந்தா ஆலாவில். பெண்கள் பட்டத்தை முதல் மூன்று ஆண்டும் எவருக்கும் விட்டுத்தராதவர் இங்கிலாந்தின் டிரேசி மோஸ்லி. விதிதான் வேடிக்கை. கடிகாரம் இறக்கத்துக்கு மட்டுமே ஓடும். ஏற்றத்தைக் கொடுத்த நேரத்துக்குள் முடித்தால் போதும். அங்கே முந்தியவனுக்கு ஒன்றும் கிடையாது.

பழனியில் 693 படி ஏறியவனுக்குப் புண்ணியம் உண்டு. இறங்கி வந்தவனுக்குப் பஞ்சாமிர்தக் கடைதான் உண்டு. ஏற்றத்தையே எண்ணி வாழ்ந்த ஓர் இனம், இறக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போடும் வாகனத்தை நாடியது எப்படி என்பதே நம் ஆய்வு வினா.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைவனின் பெயரை அகத்திணை மரபு சொல்லவிடாது. பிறப்பு யாழ்ப்பாணம், இருப்பு வெம்பிளி, தொழில் கணினி, வயது நாற்பதைத் தாண்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறந்த மண்ணிலும் மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. போய்ப் பார்த்தால் கடலோரக் கேணி. 1990-களின் எரிபொருள் தடைக்காலத்தில் குடாநாடே சைக்கிளில் ஓடியது: அரிசி மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் கரியரில். அந்த ராலிக்கும் ஹம்பருக்கும் இருந்த ஒரே சஸ்பென்ஷன் சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு ஸ்பிரிங். சமவெளியில் பிறந்து சமவெளிக்குக் குடிபெயர்ந்தவனுக்கு மலைமேல் காமம் வருவது இயல்பே. மலையில் பிறந்தவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பான்.

இனிப் பாங்கன். தலைவன் தன் நோயைச் சொன்னதும் பாங்கன் முதலில் இடித்துரைக்க வேண்டும் என்பது இலக்கணம். வெம்பிளிப் பாங்கன் இடித்துரைப்பதில்லை, விலைப்பட்டியலை அனுப்புகிறான். 2020 ஊரடங்கில் சைக்கிள் கிடைக்காமல் உலகமே தவித்தது. கம்பெனிகள் செய்து குவித்தன. வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. இணைய வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த விகிள் 2023 அக்டோபரில் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அடுத்தவன் வீழ்ச்சியில் மலிவு தேடுவது அறமா என்று தலைவன் கேட்கவில்லை. பாங்கனும் சொல்லவில்லை.

இருவருக்கும் நடந்த சாஸ்திர விவாதங்களை முழுவதும் பதிவு செய்தால் தனி நூல் ஆகும். முன்ஃபோர்க் சாயும் கோணம் 65 பாகை என்றால் பழமைவாதி, 63 என்றால் முற்போக்கு. பின் ஷாக்கில் காற்றா, சுருள் கம்பியா என்பது வடகலை தென்கலை வழக்கு; இந்தத் தலைமுறையில் தீர்ப்பு வராது. முன்சக்கரம் 29 அங்குலம், பின்சக்கரம் 27.5 அங்குலம் என்று கலந்து கட்டுவோர் மூன்றாவது சமயம். இத்தனையிலும் நேர்மையான பகுதி ஒன்று உண்டு. ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் பின் ஷாக் தன் ஓட்டத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு அமுங்கி நிற்க வேண்டும். அதற்குக் காற்றழுத்தம் வைக்கத் தலைவன் தன் உண்மையான எடையைச் சொல்லியாக வேண்டும். மருத்துவரிடம் சொன்ன எடை இங்கே செல்லாது. சனிக்கிழமை எடையா, ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறிக்குப் பிந்திய எடையா என்று பாங்கன் கேட்டது ஆய்வு முறைமைக்கே எடுத்துக்காட்டு.

இனிக் கணக்கு. தலைவன் நாள்தோறும் சந்திக்கும் மலை, தெருவில் போட்ட வேகத்தடை. பிரிட்டிஷ் விதிப்படி அதன் உயரம் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தலைவன் விரும்பிய வண்டியின் டிராவல் 170. நூறைக் கழித்தால் மிச்சம் 70. அதாவது வெம்பிளியின் மிக முரட்டு வேகத்தடையை விழுங்கிய பிறகும் எழுபது மில்லிமீட்டர் பசியோடு இருக்கும். அந்த எழுபதுக்கும் சேர்த்தே பணம் கட்டப்பட்டது என்பதைத் தலைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டேன்.

அடுத்தது வாயில் தேற்றம். இந்த ஆராய்ச்சியில் எதிர்காலத்தில் நிற்கக்கூடியது ஏதும் இருந்தால் அது இதுதான். இங்கிலாந்து வீடுகளில் பரவலாகக் காணும் உள்கதவின் அகலம் 762 மில்லிமீட்டர். நிலையும் கீலும் தின்றது போகக் கிடைக்கும் இடைவெளி இன்னும் குறைவு. இன்றைய எண்டூரோ சைக்கிளின் ஹேண்டில்பார் 780 முதல் 800. ஆகவே ஆல்ப்ஸ் சரிவில் பாயத் தகுதி பெற்ற வண்டி, வெம்பிளியின் குசினிக் கதவில் நேராக நுழையாது. ஹேண்டிலை ஒடித்து, முன்சக்கரத்தை முதலில் விட்டு, சுவரில் கறுப்புக் கோடு ஒன்றைக் கீறித்தான் நுழையும். சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் தங்கள் உயரத்தை அளக்கிறார்கள், கால் நீளத்தை அளக்கிறார்கள். கதவை அளப்பவரை நான் கண்டதில்லை. கார்பன் சட்டத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து ஒன்றிரண்டு கிலோவைக் குறைத்தவர், மின்வாளுக்கு ஈடுகொடுக்கும் பூட்டு வாங்கி அதே எடையைத் தோளில் சுமப்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது? வேலைக்குச் சைக்கிளில் போவோருக்கான வரிச்சலுகைத் திட்டம் பிரிட்டனில் 1999 முதல் உண்டு. வரிக்கு முன்பே சம்பளத்தில் கழியும். ஆகவே வாங்காமல் இருப்பதே நட்டம் என்று தலைவன் வீட்டில் விளக்கியிருக்கிறான். ஒரே நிபந்தனை, வண்டியின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்வருவதாக இருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் இது கனரி வார்ஃப் அலுவலகத்துக்குப் போகும் வாகனம். ரயிலில் ஏற்றலாமென்றால் கூட்ட நேரத்தில் மடக்காத சைக்கிளுக்குப் பாதாள ரயிலில் இடமில்லை. ஆழ்சுரங்கப் பகுதிகளில் எந்த நேரத்திலும் இல்லை. மருத நிலத்தின் மெய்யான வாகனம் மடக்குச் சைக்கிள் பிராம்ப்டன். ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் 1970-களில் தம் லண்டன் ஃபிளாட்டில் உருவாக்கியது. எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வைத்தார். இப்போது அதன் தொழிற்சாலை கிரீன்ஃபோர்டில், வெம்பிளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்லைப்புறத்து மூலிகையை எவர் மதித்தார்?

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பெட்டி வந்து இறங்கிய அன்றே அது தொடங்கியது.

“இஞ்சாருங்கோ, உதை எங்கை வைக்கப் போறியள்?”

தலைவனிடம் மறுமொழி இல்லை. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“தம்பி, மட்கார்ட் எங்கை?”

“இதுக்கு வராது மாமா.”

“கரியர்?”

“இல்லை மாமா.”

“ஸ்டாண்ட்? லைட்?”

“இல்லை.”

“பெடலும் இல்லைப் போலை கிடக்கு.”

உண்மைதான். விலையுயர்ந்த மலைச் சைக்கிள்கள் பலவும் பெடல் இல்லாமலே விற்கப்படுகின்றன. அவரவர் சம்பிரதாயப்படி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் புதுச் சைக்கிளை மணி இல்லாமல் விற்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் சட்டம். ஆகவே பெட்டியின் அடியில், காகிதங்களுக்கிடையில், சின்னஞ்சிறு மணி ஒன்று இருந்தது. மாமனார் அதை எடுத்து அடித்துப் பார்த்தார்.

“அப்ப என்னத்துக்கு அவ்வளவு காசு குடுத்தனீங்கள்?”

இந்த வினாவுக்கு விடை சரே மாவட்டத்தில் இருப்பதாகத் தலைவன் தரப்பு வாதம். வாட்டர்லூவிலோ விக்டோரியாவிலோ ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் டோர்கிங். அங்கிருந்து லீத் ஹில் 294 மீட்டர், ஹோம்பரி ஹில் 261. 1765-இல் ரிச்சர்ட் ஹல் என்பவர் லீத் ஹில் உச்சியில் கோபுரம் கட்டினார். மலை ஆயிரம் அடியைத் தொடவில்லை. கோபுரத்தின் தலை தொடுகிறது. லண்டன் சைக்கிள்காரர் இங்கே குவிவதற்கு உயரத்தைவிட மண்தான் காரணம். இந்த வரிசைக் குன்றுகள் மணற்பாறையால் ஆனவை. மழைநீர் கீழே இறங்கிவிடும். எப்பிங் காட்டுக் களிமண்ணில் மாரிக்காலத்தில் போனால் பாதி காட்டைச் சக்கரத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். நடுநிலையோடு சொல்கிறேன்: இந்தக் குன்றுகளுக்கு 130, 140 மில்லிமீட்டர் தாராளம். பின் சஸ்பென்ஷனே இல்லாத வண்டியில் நல்ல டயர் போட்டு வரும் பள்ளிக்கூடப் பையன்கள், 170-ஐ மிதிக்க முடியாமல் மிதிக்கும் நாற்பது வயதுக்காரரை ஏற்றத்தில் தாண்டிப் போவார்கள். டயருக்குச் செலவழிக்கும் அறுபது பவுண்டு, கோணத்தைக் குறைக்கச் செலவழிக்கும் அறுநூறைவிடப் பயன் தரும். 170 உண்மையிலேயே வேண்டுமென்றால் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலுக்குப் பக்கத்தில் 2013-இல் திறந்த பைக் பார்க்குக்குப் போக வேண்டும். அங்கே வண்டியையும் ஆளையும் வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். பழனி விஞ்சில் ஏறியவர்களுக்கு இதில் புதுமை தெரியாது.

ஹோம்பரி ஹில்லில் புகழ்பெற்ற இறக்கத் தடம் ஒன்றின் பெயர் ‘பாரி நோஸ் பெஸ்ட்’. இந்தப் பாரி பறம்புமலைப் பாரியே என்று நிறுவ ஒரேயொரு கல்வெட்டுத்தான் பாக்கி. காட்டில் தன் வாகனத்தை ஒரு கொடிக்கு விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தவன் அவன். நம் தலைவன் காடுவரை போகவே இல்லை. பெடல் இல்லாத வண்டி நடையில் சாத்திவைக்கப்பட்டு, 800 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரில் முதல் நாள் ஒரு ஜாக்கெட் ஏறியது. பிறகு பிள்ளைகளின் பள்ளி கோட்டுகள், மாமனாரின் மஃப்ளர், காயாத துவாய் இரண்டு. இத்தனை பாரத்துக்கும் பின் ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று பாங்கன் அளந்து குறித்திருக்கிறான்.

எஞ்சியிருப்பது பெடல். சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் வகையா, சாதாரணத் தட்டை வகையா என்று சாஸ்திர விவாதம் முடிந்து தட்டை வென்றது. ஆனால் செலவு முடிந்துவிட்டது என்று தலைவியிடம் ஏற்கெனவே சத்தியம் செய்தாயிற்று. மருதத்தில் ஊடல் தீர்க்க வாயில்களை அனுப்புவது மரபு. பாணனும் விறலியும் வெம்பிளியில் கிடைக்காததால் மாமனாரே வாயிலாகக் குசினிக்குள் போனார். உள்ளே நெடுநேரம் பேச்சுச் சத்தம். தலைவனும் பாங்கனும் கோட்டுகளுக்கு மறைவில் நின்று கேட்டார்கள், ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் மாமனார் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

“பெடல் வாங்கலாமாம். ஆனா கரியரும் பூட்டோணுமாம்.”