லாலிபெலாவை அரை நாளில் முடிப்பது எப்படி?

எத்தியோப்பியா போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். லாலிபெலா ஊரில் பாறையைக் குடைந்த 11 தேவாலயங்கள் என்று உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். "மேலிருந்து கீழே செதுக்கின கோயில்தானே? கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்துட்டு ராத்திரிக்குள்ள வந்துடலாமே" என்று மாமா ஒருவர் குறுக்கே விழுவார். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் கடிகாரம். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1. டிரைவர் "2 மணிக்கு வருகிறேன்" என்றால் எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள், மரியாதைக் குறைவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசலில் நில்லுங்கள். வண்டி காலை 8 மணிக்கே வந்து போயிருக்கும். ஆண்டுக்கு 13 மாதங்கள் என்ற விவரத்துக்குள் போகவே வேண்டாம். புத்தாயிரம் ஆண்டையே 2007 செப்டம்பரில்தான் கொண்டாடினார்கள். அவசரம் தெரியாத ஜனங்கள். அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

லாலிபெலாவில் நேராக பெத்த கியோர்கிஸுக்குப் போய்விடுங்கள். சிலுவை வடிவத்தில், சுமார் 12 மீட்டர் ஆழக் குழிக்குள் நிற்கும் புனித ஜார்ஜ் ஆலயம் அது. கூரை தரைமட்டத்தில் இருப்பதால் விளிம்பில் நின்றபடியே படம் எடுத்துவிடலாம். எல்லாரிடமும் இருப்பது அந்தப் படம்தான், உங்களிடம் மட்டும் வேறு எதற்கு? கீழே இறங்கினால் வேலை கெடும். தனக்கு மட்டும் ஆலயம் கட்டவில்லையே என்று கோபித்துக்கொண்டு புனித ஜார்ஜ் குதிரையிலேயே வந்துவிட்டார் என்று கதை சொல்லி, கல்லில் குளம்புத் தடத்தையும் காட்டுவார்கள். ராத்திரி ஷிப்டில் தேவதூதர்கள் செதுக்கினார்கள் என்பார்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் உளி பிடித்த ஆட்களின் பெயர்களைக் கேட்டால் பதில் இராது. அது நமக்கும் பழக்கமான விஷயம்தான்.

உள்ளே போயே தீருவேன் என்பவர்களுக்கு: செருப்பைக் கழற்றியாக வேண்டும். தரைவிரிப்புகளில் தெள்ளுப்பூச்சிகள் பரம்பரையாகக் குடியிருக்கின்றன. கெட்டியான காலுறை உதவும். விடியற்காலை வழிபாட்டின்போது போனால், வெள்ளைப் போர்வை போர்த்திய கூட்டம் ஊன்றுகோலில் சாய்ந்தபடி மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்கும். மேளம் மெதுவாகத் தொடங்கும். அது வேகம் பிடிக்கும்வரை யார் காத்திருப்பது? குறுக்கே புகுந்து பிளாஷ் அடியுங்கள். சிலுவையோடு படத்துக்கு நிற்கும் சில பாதிரியார்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். ஸ்டைல் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அடித்த பிளாஷ்.

அடுத்து வடக்கே அக்சும். மோசேயின் உடன்படிக்கைப் பெட்டி இங்கேதான் இருக்கிறது என்பது எத்தியோப்பியத் திருச்சபையின் நம்பிக்கை. காவல் துறவி ஒருவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. அவர் ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பவர். வேலிக்கு வெளியே நின்று, ஸ்பெஷல் தரிசன டிக்கெட் எவ்வளவு என்று விசாரியுங்கள். கிடைக்காது. ஆனால் கேட்காமல் திரும்பினால் நம்மை யார் மதிப்பார்கள்?

திக்ராயின் கெரால்டா குன்றுகளில் அபுன யெமாத்தா கூ என்று ஒரு தேவாலயம் உண்டு. செங்குத்துப் பாறையில் வெறுங்காலோடு, பாறைப் பிளவுகளில் கைகால் வைத்து ஏற வேண்டும். கடைசியில் ஓர் ஒடுங்கிய விளிம்பு, பக்கத்தில் அதலபாதாளம். உள்ளே குவிமாடம் நிறையப் பழைய ஓவியங்கள். ஞானஸ்நானத்துக்காகக் கைக்குழந்தையோடு ஏறும் தாய்மார் உண்டு. அப்படி ஒருவர் உங்களை முந்திப் போனால், ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொள்ளுங்கள். வெறுங்கால் என்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

டெப்ரே டாமோ மடத்துக்குக் கயிற்றைப் பிடித்துச் சுமார் 15 மீட்டர் ஏற வேண்டும், ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. மனைவியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வீரம் காட்ட நினைப்பவர்கள், இறங்கிய பிறகு நடக்கப்போவதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோண்டாரில் டெப்ரே பெர்ஹான் செலாசி தேவாலயத்தின் கூரை முழுக்கச் சிறகு முளைத்த முகங்கள், எல்லாம் பெரிய பெரிய கண்களோடு. எத்தனை என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். நீங்களும் எண்ண ஆரம்பித்தால் அரை நாள் திட்டம் அங்கேயே காலி.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. புதனும் வெள்ளியும் விரதம், ஆண்டில் பாதி நாள் விரதம் என்றே சொல்லலாம். "ட்ஸோம்" என்று கேட்டால், தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சேரா மேல் பருப்பும் கீரையும் கோஸும் வரிசையாக வரும். பால், முட்டைகூடக் கிடையாது.

கடைசியாக: திக்ராயில் 2020 முதல் 2022 வரை போர் நடந்தது, லாலிபெலாவும் கோண்டாரும் இருக்கும் அம்ஹாராவில் 2023இல் சண்டை தொடங்கியது. வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவிப்பைப் படிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். இந்த ஒரு யோசனையை மட்டும் அப்படியே கடைப்பிடியுங்கள்.