குதிரைக்கு இருக்கும் யோகம்

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் லாயத்துக்கே வந்து, குளம்பைச் சீவி, அளவு பார்த்து குதிரைக்கு லாடம் அடித்துவிட்டுப் போவார். ஏறிச் சவாரி செய்கிறவருக்கு அந்த யோகம் இல்லை. அங்கவடிக்குள் கால் நழுவாதிருக்க பூட்ஸுக்குச் சுமார் 1 அங்குலக் குதிகால் வேண்டும். கீழே விழுந்தால் சிக்காமல் கழன்று வர, அடிப்பாகம் வழவழவென்று இருக்க வேண்டும். லாயத்து ஈரத்தில் அதே வழவழப்பு ஆளை லத்தியில் உட்கார வைக்கும். மூத்திரத்து அமோனியா தையலை அரிக்கும். பாதத்துக்குப் பொருந்துவது கெண்டைக்காலில் ஏறாது. மல்லுக்கட்டி ஏற்றினால் ஜிப் பல்லிளிக்கும். ‘சவாரிக்கும் லாயத்துக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் அச்சடித்த புண்ணியவான் வீட்டில் நிச்சயம் கார்தான் நிற்கும்.