ஃபார்மட் மாமா

ஒரு குடும்பத்தில் வக்கீல் இல்லாமல் இருக்கலாம், டாக்டர் இல்லாமல் இருக்கலாம். 'கம்ப்யூட்டர் தெரிந்த' மாமா மட்டும் இல்லாமல் போகவே மாட்டார். அவருக்குப் பிழைப்பு கம்ப்யூட்டரில் இல்லை. மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். 1990-களில் தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் முளைத்த காலத்தில் கோபோலும் டிபேஸும் படித்து, லேமினேஷன் போட்ட சான்றிதழ் ஒன்று வாங்கி வைத்திருப்பார். அந்தச் சான்றிதழை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் பேரில்தான் இன்றுவரை சொந்தபந்தங்களின் கேபினெட்டுகள் திறக்கப்படுகின்றன.

வீட்டில் சிஸ்டம் திக்க ஆரம்பிக்கும். மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்று, நாம் சலித்துக் கையை எடுத்ததும் திரையின் மறுகோடிக்குத் தாவும். பாட்டுப் போட்டால் பாடகர் ஒரே எழுத்தில் உட்கார்ந்து நிரவல் செய்வார். "மாமாவுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். மாமா வருவார். காசு வாங்கமாட்டார். காபியும், கூட ஏதாவது சூடாகவும் போதும். காசு வாங்காத மனிதரிடம் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் இதில் உள்ள முதல் சிக்கல்.

நாற்காலியில் அமர்ந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் ரிஃப்ரெஷ். வலது பொத்தானை அழுத்தி, ரிஃப்ரெஷ். மறுபடி வலது பொத்தான், மறுபடி ரிஃப்ரெஷ். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம்போலச் செய்வார். அந்தக் கட்டளை டெஸ்க்டாப்பில் இருக்கும் படங்களை மறுபடி ஒருமுறை வரைந்து காட்டும். அதற்குமேல் அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. இதை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். "மெமரி ஃப்ரீ ஆகும்டா" என்பார். அடுத்தது டெம்ப் ஃபைல்களை அழிப்பது. அதோடு விடாமல் ப்ரீஃபெட்ச் என்ற கோப்புறையையும் காலி செய்வார். எந்த மென்பொருள் திறக்க எந்தக் கோப்புகள் தேவை என்று விண்டோஸ் தனக்காகக் குறித்து வைத்துக்கொள்ளும் இடம் அது. அதை அழித்தால் அடுத்த தடவை அந்த மென்பொருள் இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். அப்படித் திறக்கும்போது மாமா முகத்தில் ஒரு திருப்தி தெரியும். "பாத்தியா, நான் நினைச்சதைவிட மோசம்."

பிறகு தீர்ப்பு: "ஃபார்மட் அடிச்சிடலாம்."

கேட்பவர் முகம் வாடினால் உடனே ஆறுதலும் சொல்வார். "சி டிரைவ் மட்டும்தாம்மா. டி-யைத் தொடவே மாட்டேன்." நம் வீடுகளில் குழந்தையின் பிறந்தநாள் படம், ஆதார் ஸ்கேன், பத்திர நகல் எல்லாம் இருப்பது டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும் நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. அதற்குள் மாமா நீலத்திரைக்குப் போயிருப்பார்.

எங்கள் ஊர்ப் பத்திரிகை அடிக்கும் கடையில் நடந்ததைச் சொன்னால் மாமாவின் முழு உருவமும் விளங்கும். பத்திரிகை என்றால் கல்யாணப் பத்திரிகை. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நின்ற சமயம். டைப் அடிக்கும் பெண் ஒருத்தி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அதே மேஜையின் மறுகோடியில் காகிதம் வெட்டும் கட்டர். சிஸ்டம் அடிக்கடி உறைந்து, சில விநாடி மூச்சுவிட்டு, மறுபடி ஓடியது. கடைக்காரரின் மனைவி வழியில் மாமா உறவு. வந்தார், ரிஃப்ரெஷ் செய்தார், கேபினெட்டைத் தூக்கித் தன் வீட்டுக்கே கொண்டுபோய் ஃபார்மட் அடித்தார். மறுநாள் திரும்பி வந்தது. கடையில் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தால் மணமகன், மணமகள், இரு வீட்டுத் தாத்தாக்கள் உட்பட அத்தனை பேரும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நின்றார்கள். பாமினி உட்பட எல்லாத் தமிழ் எழுத்துருக்களும் சி டிரைவோடு போய்விட்டன. அந்தக் காலத்து எழுத்துருக்களில் அடித்தது, எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். எழுத்துருக்களைத் தேடிப் போட்டு முடித்து, முதல் பத்திரிகையை வெட்டும்போது சிஸ்டம் மறுபடி உறைந்தது.

"என் வீட்ல ராத்திரி பூரா நல்லாத்தானே ஓடுச்சு!" என்றார் மாமா.

இந்த ஒரு வாக்கியத்தில் பழுதின் முகவரியே இருக்கிறது. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை; அப்படியானால் இங்கே இருந்து அங்கே இல்லாதது எது? மாமாவுக்கு அது துப்பாகத் தெரியவில்லை, தன் வேலைக்கான நற்சான்றாகத் தெரிந்தது. மின்வாரியத்தில் இருந்தவராதலால் கரண்ட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை, யு.பி.எஸ்.ஸைக் குறை சொன்னார். யு.பி.எஸ். மாற்றப்பட்டது. பிறகு ரேம் பற்றாது என்றார். ரேமும் வாங்கிப் போட்டாயிற்று. நின்று நின்று ஓடியது.

ரேம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா சட்டைப் பையில் ஸ்கூல் பையனின் அழிரப்பர் ஒன்று இருக்கும். ரேமைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகுவார். சிரிக்க வேண்டாம், இது பல நேரம் வேலை செய்கிறது. நம் ஊர்த் தூசியும் ஈரமும் அந்தப் பற்களில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். தேய்க்கக்கூட வேண்டாம், கழற்றி மாட்டினாலே பாதிச் சமயம் சரியாகிவிடும். என்றோ யார் வீட்டிலோ நீளமாகக் கூவிக்கொண்டு ஆன் ஆகாமல் கிடந்த சிஸ்டத்தை மாமா இப்படி உயிர்ப்பித்திருக்கிறார். அவருடைய மொத்தப் புகழும் அந்த ஒரு ரப்பரின் மேல் எழுப்பிய கோபுரம். ஆன் ஆகாத பெட்டிக்குச் செய்த வைத்தியத்தை ஓடிக்கொண்டே திக்கும் பெட்டிக்கும் செய்வதுதான் தகராறு.

கடைசியில் கடைக்காரர் மாமாவுக்குத் தெரியாமல் ஹார்டுவேர் கடைப் பையனை வரவழைத்தார். பையன் வந்து கேபினெட்டைத் தொடவில்லை. கடைக்காரரிடம்கூடப் பேசவில்லை. டைப் அடிக்கும் பெண்ணிடம் போய், "அக்கா, எப்போக்கா திக்குது?" என்றான்.

"கட்டர் இழுக்கும்போதெல்லாம்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முன்னாடியே சொல்லலாம்லமா!" என்று கடைக்காரர் சத்தம் போட்டார். "யாரும் கேக்கலையே சார்."

பையன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். ஹார்டு டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பை அது காட்டும். மேலே நீலத்தில் 'நன்று' என்றுதான் இருந்தது. மாமா பார்த்திருந்தால் அதோடு மூடியிருப்பார். பையன் கீழே சி-7 என்ற வரிக்குப் போனான். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே ஓடும் தகவல் வழியில் சிதைந்துபோய், மறுபடி அனுப்பவேண்டி வந்த தடவைகளின் கணக்கு அது. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டான். பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுக்கப் போட்டுவிட்டு, "அண்ணே, கட்டரை இழுங்க" என்றான். கடைக்காரர் இழுத்தார். மேஜை அதிர்ந்தது. திரை உறைந்தது. எண் ஏறியிருந்தது.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால், டிஸ்க்கின் பின்னால் கிளிப் இல்லாத பழைய சாட்டா கேபிள் தொளதொளவென்று செருகியிருந்தது. மேஜை அதிரும்போதெல்லாம் அது நெளிந்திருக்கிறது. கிளிப் வைத்த புதுக் கேபிள் போட்டான். விலை இருநூறு ரூபாயைத் தொடவில்லை. மறுபடி நகல், மறுபடி கட்டர். எண் அசையவில்லை. கேபினெட்டை மேஜையிலிருந்து இறக்கித் தனி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் மாமா வந்தார். விஷயம் தெரிந்து, சி-7 வரியைக் காட்டச் சொன்னார். "அந்த எண் அப்படியேதானே இருக்கு? என்னத்தைச் சரி பண்ணினான்?" அந்த எண் ஒருபோதும் குறையாது, டிஸ்க் இருக்கும்வரை அப்படியே நிற்கும். ஏறாமல் நிற்பதுதான் குணமானதற்கு அடையாளம். கடைக்காரர் இதை விளக்க வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, லூஸ் கனெக்ஷன்னு." சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னதாகவே அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

சூட்டுப் பழுதிலும் இதே கதைதான், ஆனால் மாமா அங்கே ஏறக்குறைய ஜெயித்துவிடுவார். ஆன் செய்து கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கும் சிஸ்டத்தின் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக வைப்பார். ஓடும்! இது மருந்தல்ல, பரிசோதனை. ப்ராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் வைத்ததும் வேகம் திரும்பினால் குற்றவாளி சூடு என்று தெரிந்துவிட்டது. இனி ப்ளோயரால் தூசியை ஊதி, ப்ராசஸர் மேலிருக்கும் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் காலில் எது கழன்றிருக்கிறது என்று பார்த்து, காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைக்க வேண்டும். மாமா பரிசோதனையோடு நின்றுவிடுவார். டேபிள் ஃபேன் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும். திறந்த கேபினெட்டுக்குள் பல்லி குடிவரும். கழற்றிய நான்கு ஸ்க்ரூவில் மூன்றுதான் மறுபடி கண்ணில் படும்.

ஆயுத பூஜைக்கு ஒருமுறை துடைப்பதுதான் பல கேபினெட்டுகள் காணும் ஒரே சுத்தம். அன்றைக்கும் வெளியே மட்டும்தான் துடைப்பார்கள். காற்று உள்ளே போகும் சல்லடை மேலேயே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்தத் துளைகளையும் அடைத்துவிடுவார்கள்.

போர்டில் மண்டை உப்பிய கெப்பாசிட்டர், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் கம்பி 11.4-க்குக் கீழே தொங்குவது, இவையெல்லாம் மாமாவின் அகராதியில் கிடையாது. முதலாவதற்கு ஒரு டார்ச்சும் கண்ணும் போதும், இரண்டாவதற்கு ஒரு மல்டிமீட்டர். மின்வாரியத்தில் இருந்தவர் மல்டிமீட்டரை மறந்ததுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போதெல்லாம் மாமா புது மந்திரம் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறார். "எஸ்.எஸ்.டி. போட்டுடு." நியாயமாகச் சொன்னால், இது அவர் வாழ்நாளில் சொன்னதிலேயே சரியான ஆலோசனை. பழைய ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 சுற்றுச் சுற்றினாலும், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களைத் தேடி எடுப்பதில் விநாடிக்கு நூறைத் தாண்டத் திணறும். எஸ்.எஸ்.டி. அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். கிழட்டு சிஸ்டங்கள் நிஜமாகவே எழுந்து ஓடுகின்றன. மாமாவின் புகழ் இரண்டாம் தடவை ஏறுமுகத்தில் இருக்கிறது. அதையும் அந்தத் தொளதொளக் கேபிளிலேயே மாட்டிவிட்டு, "இந்த எஸ்.எஸ்.டி. டூப்ளிகேட்" என்று திட்டும் மாமாக்களும் உண்டு.

2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது மாமாவுக்கு வரமாக அமைந்தது. இப்போது எந்த வீட்டில் எது திக்கினாலும் காரணம் தயாராக இருக்கிறது. "பத்து முடிஞ்சுபோச்சும்மா. பதினொண்ணு போட்டாத்தான்." பதினொன்று போடவும் சி டிரைவை ஃபார்மட்தான் அடிப்பார். படங்களை அழிக்காமலே மேலேற்றும் வழி இருக்கிறது. அது அவர் கௌரவத்துக்குப் போதாது.

இத்தனைக்குப் பிறகும் அவரை வரவேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ராத்திரி பத்து மணிக்கு, நாளைக் காலை தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று பெண் அழும்போது, ஸ்க்ரூ டிரைவரோடு வண்டியை எடுத்துக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான். ஆகவே அவர் வரட்டும். காபி கொடுங்கள். ஆனால் அவர் தெருமுனை திரும்புவதற்குள், டெஸ்க்டாப்பில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.