இல்லாத காற்புள்ளியின் விலை: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஆங்கிலத்தில் மூன்று பொருள்களை அடுக்கும்போது, கடைசிப் பொருளுக்கு முன்னால் 'அண்ட்' அல்லது 'ஆர்' வரும். அந்தச் சொல்லுக்கும் முன்னால் ஒரு கமா வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மரபு. அதனால் அதற்கு ஆக்ஸ்போர்டு கமா என்றே பெயர். வேண்டாம் என்பர் செய்தித்தாள்காரர் பலர். ஒரு சாராரை மற்றொரு சாரார் படிப்பறிவற்றவர் என்று கருதுவதால் இத்துறையில் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை.

கருதுகோள்

காற்புள்ளி இருக்கும்போது அதற்கு விலை இல்லை. இல்லாதபோதுதான் விலை ஏறுகிறது.

ஆய்வின் எல்லை

விரிவஞ்சி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் வண்டிகளோடும் ஒரே ஒரு வாக்கியத்தோடும் இவ்வாய்வு நின்றுகொள்கிறது.

முதன்மைச் சான்று

வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்குக் கூலி என்பது மெய்ன் சட்டம். உணவுப்பொருள் தொழிலில் சில வேலைகளுக்கு மட்டும் இந்த ஓவர்டைம் கிடையாது. அவற்றைச் சட்டம் இப்படி அடுக்கியது: கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃபிரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன். 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் கமா இல்லாமை காண்க.

டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலை, தன் வண்டி ஓட்டுநர்கள் செய்வது அதுவே, ஆகவே அவர்களுக்கு ஓவர்டைம் இல்லை என்றது ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனம். ஓட்டுநர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். சட்டத்தின் கடைசித் தொடர் சொல்வது பேக்கிங்கை மட்டுந்தான். அது அனுப்புவதற்காகவும் இருக்கலாம், விநியோகத்துக்காகவும் இருக்கலாம். நாங்கள் பெட்டி கட்டவில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்பது அவர்கள் கொண்ட பொருள்.

விகுதியும் சாட்சிக்கு வந்தது. விலக்குப் பெற்ற வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன. டிஸ்ட்ரிப்யூஷன் அப்படி முடியவில்லை. ஆகவே அது அந்தப் பந்தியில் உட்காரும் இனமன்று என்றார்கள் ஓட்டுநர்கள். அற்றேல், பேக்கிங்தான் கடைசி வேலை என்றால் அதற்கு முன் ஓர் 'ஆர்' வேண்டுமே என்பது நிறுவனத்தின் முதற் கடா. மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே இந்தக் கமாவைப் போட வேண்டாம் என்கிறதே என்பது இரண்டாம் கடா. எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்லும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால், இரு தரப்பும் அவரிடமே வக்காலத்துக் கொடுத்திருக்கும்.

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரு பொருளும் கொள்ள இடமுண்டு, ஐயம் வந்தால் கூலிச் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இல்லாத ஒரு கமாவுக்கு இது நல்ல விலை என்க.

மாறுபட்ட சான்று

ஆய்வின் எல்லையை ஒருமுறை தாண்டிப் பார்த்தால், 1872இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம், நடுவதற்காகக் கொண்டுவரும் பழச்செடிகளுக்கு வரிவிலக்குத் தர எண்ணியது. 'ஃப்ரூட்', 'பிளான்ட்ஸ்' என்ற இரு சொற்களையும் சேர்த்துக் கட்ட வேண்டிய சிறுகோட்டின் இடத்தில் ஒரு கமா ஏறி உட்கார்ந்துகொண்டது. பழச்செடி என்றிருந்தது பழம் வேறு, செடி வேறு என்றாயிற்று. ஆரஞ்சும் எலுமிச்சையும் இறக்கியவர்கள் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டார்கள். கருவூலத்துக்கு நட்டம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர்.

இருக்கும் கமாவுக்கும் விலை உண்டு என்று இதனால் பெறப்படுகிறது, கருதுகோள் உடைகிறது. எனினும் கருதுகோளை மாற்றினால் நெறியாளரிடம் மறுபடி கையெழுத்து வாங்க நேரும் என்பதால், இதனைப் புறனடையாகக் கொள்க.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: கமா குறித்த சண்டை இலக்கணச் சண்டை போலத் தோன்றினாலும், கூலியோ வரியோ பின்னால் இல்லாவிட்டால் அது நீதிமன்றப் படி ஏறுவதில்லை.

இரண்டு: தெளிவான வாக்கியம் எல்லாருக்கும் நல்லது என்ற பொதுக் கருத்து மறுபரிசீலனைக்குரியது. வழக்குக்குப் பின் மெய்ன் சட்டமன்றம் அந்த வாக்கியத்தைத் திருத்தியது. ஆக்ஸ்போர்டு கமாவைப் போடவில்லை. இருந்த கமாக்களையும் எடுத்துவிட்டு, வேலைக்கு வேலை அரைப்புள்ளி வைத்தது. டிஸ்ட்ரிப்யூஷனும் 'இங்' விகுதி பெற்று டிஸ்ட்ரிப்யூட்டிங் ஆனது. போடு என்ற கட்சியும் போடாதே என்ற கட்சியும் சேர்ந்தே தோற்றன. வாக்கியத்தில் இப்போது ஐயம் இல்லை. அந்தச் சட்டப்படி ஓட்டுநர்களுக்கு ஓவர்டைமும் இல்லை.