கண்ட்ரோல் புணரியல்

விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு காரியம் நடக்கிறது. ஒரு நாள் நடக்காமல் போகிறது. கணினிக்காரர்கள் இதைப் பழுது என்கிறார்கள். இலக்கணம் படித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தில் எது நேர்ந்தாலும் அது புணர்ச்சி. ‘கண்ட்ரோல்’ நிலைமொழி, ‘சி’ வருமொழி. கூடி நகல் எடுத்தால் இயல்பு புணர்ச்சி. எடுக்காவிட்டால் விகாரப் புணர்ச்சி. இவ்வளவு வெளிப்படையான ஒன்றுக்கு இதுவரை நூல் செய்யப்படாததால் அந்தச் சுமை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் எழுத்ததிகாரம். தனித்து இயங்காமல் இன்னொன்றைச் சார்ந்தே வருவது சார்பெழுத்து. கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றும் அந்த இனம். தனியாக எவ்வளவு நேரம் அமுக்கினாலும் திரையில் ஓரெழுத்து விழாது. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்று என்றது இவற்றை முன்னறிந்துதான் என்று நிறுவ எனக்கு ஆசை உண்டு. நன்னூலார் பத்து என்கிறார். மடிக்கணினி வாங்கிய பிறகு நான் நன்னூலார் கட்சி. மேற்படி மூன்றோடு விண்டோஸ், எஃப்என், கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் என எண்ணினால் எட்டு வருகிறது. இரண்டுதான் குறைவு, அடுத்த மாடலில் வந்துவிடும்.

வரலாற்றுப் பகுதி சுருக்கமானது. வெட்டி ஒட்டும் வழக்கத்தை 1970-களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அதையும் செய்ததை மீட்பதையும் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு பக்கத்து வீடுகளில் குடியமர்த்தியது ஆப்பிளின் லிசா கணினி, 1983-இல். ‘வி’ என்ற எழுத்துக்கும் ஒட்டுவதற்கும் ஆங்கிலத்தில் எந்த உறவும் இல்லை. ‘சி’க்கு அடுத்த வீடு என்பது அதன் பெரிய தகுதி. அரசு வேலைகூட இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

இங்கே என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றை வைக்கிறேன். சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில், ‘சி’ இருக்கும் விசையில் ‘ஒ’ இருக்கிறது, ‘வி’ இருக்கும் விசையில் ‘வ’ இருக்கிறது. ‘ஒ’வில் தொடங்குவது ‘ஒட்டு’. ஆனால் அந்த விசை ஒட்டாது, நகல் எடுக்கும். ‘வ’வில் தொடங்குவது ‘வெட்டு’; அந்த விசையோ ஒட்டும். ‘ஒற்றி எடுத்தல்’ என்று பொருள் கொண்டால் ‘ஒ’ நகலுக்குப் பொருந்துமே எனின், அற்றன்று; ‘வ’வுக்கு என்ன சமாதானம்? தமிழன் தமிழில் யோசித்துக்கொண்டே தட்டினால் ஒட்ட நினைத்தபோது நகலெடுப்பான், வெட்ட நினைத்தபோது ஒட்டுவான்.

இனி விகாரங்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணிகள் வரிசைப்படுத்துவார்கள். நான் கெடுதலில் தொடங்குகிறேன். தோன்றல் எனக்கே நேர்ந்ததால் அதற்கு இடம் அதிகம் தேவை.

கெடுதல் என்பது அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் இருப்பது. பலகை செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. விண்டோஸில் ஒரு செயலி, ‘திரையில் வேறு எது திறந்திருந்தாலும் இந்த விசைக்கூட்டு எனக்கே வரவேண்டும்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். ஒரு கூட்டு ஒருவருக்குத்தான். பின்னால் வந்து கேட்பவருக்குக் கிடையாது. தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை அறிந்த சமூகத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. துண்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று எங்கும் எழுதியிருக்காது. கடிகாரத்தின் பக்கத்திலுள்ள சிறிய அம்பைத் தட்டினால் பயணிகள் பட்டியல் தெரியும். திரையைப் படம் பிடிக்கும் செயலி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் செயலி என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டுப் பார்க்கவேண்டும். ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்பது எல்லாரையும் இறக்கிவிட்டுப் பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிப் போவதற்குச் சமம். துண்டுக்காரர் டிப்போவிலேயே ஏறும் ஆளாக இருந்தால், திரும்பி வரும்போதும் அதே இருக்கையில் அதே துண்டு. ரீஸ்டார்ட் சிலருக்குப் பலித்துச் சிலருக்குப் பலிக்காத மர்மம் இதுதான்.

கெடுதலில் உட்பிரிவு ஒன்று. வலப்பக்க ஷிப்டை 8 விநாடி அமுக்கினால், விரல் படபடவென்று படுவதைப் புறக்கணிக்கும் வசதி ஒன்றை விண்டோஸ் முன்வைக்கும். கை நடுங்குபவர்களுக்காக வைத்த நல்ல ஏற்பாடு. யோசித்துக்கொண்டே ஷிப்டின் மேல் விரலை வைத்துவிட்டு, வந்த கேள்விக்குப் படிக்காமலே ‘சரி’ சொன்னவருக்கு அன்று முழுக்கப் பலகை ஊமை. என் உறவினர் ஒருவர் இதற்காகப் புதுப் பலகையே வாங்கினார். அதுவும் ஊமையாகவே இருந்தது.

திரிதல் என்பது ஒன்று மற்றொன்றாவது. கோப்பின் பெயரை மாற்ற எஃப்2 அழுத்தினால் திரை மங்குகிறது. பல மடிக்கணினிகளில் எஃப்என்னோடு எஸ்கேப்பைச் சேர்த்தால் சரியாகும். லினக்ஸ் கறுப்புத் திரையில் கண்ட்ரோல் சி நகல் எடுக்காது, ஓடும் நிரலைக் கொல்லும். அங்கே கண்ட்ரோல் எஸ் சேமிக்காது, திரையை உறையவைக்கும். பழைய தொலையச்சுப் பொறிகளுக்கு ‘நிறுத்து’ என்று காட்டிய சைகை அது. பொறிகள் போனபின்பும் சைகை நிற்கிறது. கண்ட்ரோல் க்யூ அழுத்தினால் உறக்கம் கலையும்.

தோன்றலுக்கு வருவோம். போன மார்கழியில் ஒரு கட்டுரை, பதினான்கு பக்கம், தமிழ்99-இல் அடித்து முடித்தேன். வேறு கோப்புக்கு மாற்றக் கண்ட்ரோல் ஏ. எல்லாம் நீலமாயின. அடுத்துக் கண்ட்ரோல் சி. பதினான்கு பக்கமும் மறைந்து, வெள்ளைத் திரையின் மூலையில் ‘ஒ’ என்று ஓரெழுத்து நின்றது. கண்ட்ரோல் அந்த நொடியில் கைவிட, ‘சி’ தனியாகப் போய்த் தமிழாகத் தோன்றிவிட்டது. பதறிப்போய் நடந்ததை மீட்கும் கண்ட்ரோல் இசட்டை அழுத்தினேன். அதற்கும் அதே கண்ட்ரோல்தானே. ‘ஒஔ’. மறுபடி மறுபடி அழுத்தினேன். ‘ஒஔஔஔ’. இத்தனை உருக்கமான புலம்பலை நான் விரும்பி எழுதியதே இல்லை.

எங்கள் தெரு டிடிபி கடைத் தம்பிக்குப் போன் செய்தேன்.

“சார், வலது பக்கம் ஒரு கண்ட்ரோல் இருக்குமே, அதை அமுக்கி இசட் அடிங்க.”

“வலது பக்கமா?”

“பாருங்க சார், அம்புக்குறிக்குப் பக்கத்துல.”

இருந்தது. பதினொரு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான்கைந்து முறை அழுத்தியதும் பதினான்கு பக்கமும் வந்தன.

அடுத்த நாள் அகழாய்வு. “கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க சார், இல்லேன்னா எது எங்கன்னு தெரியாது” என்று தம்பி சொல்லியிருந்தான். வயரைப் பிடுங்கிவிட்டு, பலகையைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினேன். ஸ்டேப்ளர் பின் ஒன்று, நரைமுடி, கறுப்புமுடி (இரண்டாவது பழைய காலம்). பிறகு ஸ்பூன் காம்பால் இடப்பக்கக் கண்ட்ரோலை நெம்பினேன். மேல் அடுக்கில் முறுக்கிலிருந்து உதிர்ந்த எள். அதன்கீழ் பழுப்பாக இறுகிப்போன காபிப் படலம், தொட்டால் பிசுபிசுப்பு. சர்க்கரை போட்ட காபி. மருத்துவர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தியது 2019 என்பதால் அடுக்கு அதற்கு முந்தியது. விசை இறங்கும், ஏறும். அடியில் தொடர்பு மட்டும் சில நேரம் கிடைக்காது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துக் காயவிட்டதும் சரியாயிற்று.

ஸ்பூன் நெம்பியதில் கண்ட்ரோல் மூடியின் உள்காம்பு முறிந்துவிட்டது. வலப்பக்க மூடியைக் கழற்றி இடப்பக்கம் மாட்டியிருக்கிறேன். பலகை முழுவதிலும் எழுத்து தேயாமல் இருப்பது அது ஒன்றுதான்.